கணக்கு நோட்டில் ஓவியம் கண்டவர்

கணக்கு நோட்டின் ஓரத்தில் படம் வரைந்தால் நமக்குத் திட்டுத்தான் விழும். ஆனால் கணக்கு நோட்டையே ஓவியமாகக் கண்ட மேதை ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கோயம்புத்தூரில், கேரளக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே இயற்கைக் காட்சிகளை அழகுற வரைந்தார். தந்தையார் மறைந்ததால் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, தந்தி இலாகாவில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். ஆயினும் ஓவிய ஆசை அவரை விடவில்லை. 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கு முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் பின்னாளில் மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். 1957-இல் பணிக்கரே அங்கு முதல்வரானார்.

1950-களில் இயேசு பெருமானையும் அவர் வரைந்திருக்கிறார். 1954-இல் ஐரோப்பா சென்று வந்தார். மேல்நாட்டாரைப் பின்பற்றாமல் நமக்கென்று ஓர் ஓவிய மொழி வேண்டுமே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அதற்கு வழிகாட்டியது. எண்களும் எழுத்துகளும் குறிகளும் நிறைந்த அப்பக்கத்திலிருந்து 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை பிறந்தது. ஜாதகக் கட்டங்கள் போன்றவை அதில் உண்டு. மலையாளம் போல் தோன்றும் எழுத்துகளும் உண்டு. அவற்றை யாராலும் படிக்க முடியாது. படிப்பதற்காக அவர் எழுதவுமில்லை.

இவ்வோவியங்களை இரண்டாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாங்கள் காட்டினோம். நாங்கள் பொருள் தேடித் திகைத்திருக்க, அவர்களோ உடனே வரையத் தொடங்கிவிட்டார்கள்! கும்மிடிப்பூண்டி லாரிகளின் எண்கள், கோலப்புள்ளிகள், அப்பாவின் ஷிப்டு அட்டவணை, எல்லாம் ஒரே தாளில். படிக்கத் தெரியாத எழுத்து அவர்களுக்குப் புதிதல்லவே.

ஓவியம் சோறு போடுமா என்று நம் பெற்றோர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். பணிக்கரையும் அது வாட்டியது. படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தையே கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். எனவே அவர்களைக் கூட்டிச் சேர்த்து, பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்கச் செய்தார். அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அரசை எதிர்பாராமல் தம் கையுழைப்பால் எழுப்பியது அது!

1977-இல் பணிக்கர் மறைந்தார். அக்கிராமம் இன்றும் இருக்கிறது. இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு அங்கே செல்ல, தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு, தலைமை அன்னையிடம் விண்ணப்பம் கொடுத்துள்ளோம்.