உணவு மேசையில் பிறந்த அகராதி

பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்திருந்தபோது எங்கள் விரிவுரையாளரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்புத் தொடங்கும் முன் வெண்பலகையில் அம்மொழியைப் பற்றி ஒரு கேள்வி எழுதிவிடுவார். நாளுக்கு ஒன்று. புள்ளிகள் கிடையாது. சரியான விடை சொன்னவருக்கு ஒரு மிட்டாய், அவ்வளவுதான்.

ஒரு நாள் வந்த கேள்வி இது: ஸ்பானிய அகராதியில் 'சொக்கொலாத்தே' என்ற சொல்லை எந்த எழுத்தின் கீழ்த் தேடுவீர்கள்? சாக்லெட்டுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். 'சி' என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். விரிவுரையாளர் சிரித்தார். எந்த அகராதியில், எந்த ஆண்டில் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஸ்பானியர்கள் நெடுங்காலமாக 'சிஎச்' என்ற இணையையும் 'எல்எல்' என்ற இணையையும் தனித்தனி எழுத்துகளாகவே எண்ணி வந்தார்கள். அகராதிகளிலும் அவற்றுக்குத் தனிப் பகுதிகள் இருந்தன. 'சி' எழுத்துச் சொற்கள் அனைத்தும் முடிந்த பிறகே சொக்கொலாத்தே வரும். ஸ்பானிய மொழிக் கழகங்கள் 1994ஆம் ஆண்டில்தான் கூடி அந்த வரிசையை மாற்ற முடிவெடுத்தன. ஆனால், அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் அகராதியில் அந்த மாற்றத்தைச் செய்திருந்தார். அவர் எந்தக் கழகத்திலும் உறுப்பினர் அல்லர். ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகர். அவர் பெயர் மரியா மொலினேர்.

அன்று எனக்கு மிட்டாய் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்தப் பருவத்தில்தான் நான் ஒரு வேலையைப் பாதியில் கைவிட்டிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டியின் பேச்சில் வரும் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். பெரட்டு, மங்கு, கித்தா, ஆயாக்கொட்டகை என்று நாற்பது பக்கம் வரை வந்தேன். பிறகு, இது மொழியியல் படித்தவர்கள் செய்யவேண்டிய வேலை, எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. நோட்டுப் புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. அந்த நிலையில்தான் மொலினேர் அம்மையாரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

தந்தை இல்லாத வீடு

மரியா மொலினேர் 1900ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் சரகோசா மாநிலத்தில் உள்ள பனிசா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிராமத்து மருத்துவர். பின்னர் கப்பல் மருத்துவராகி அர்ஜென்டினாவுக்குச் சென்றார். இரண்டாம் முறை போனவர் திரும்பவே இல்லை. தாயும் மூன்று பிள்ளைகளும் தனித்து நின்றார்கள். பதின்ம வயதிலேயே மரியா, இலத்தீனும் கணிதமும் வரலாறும் பிற பிள்ளைகளுக்குத் தனிவகுப்பாகச் சொல்லிக்கொடுத்து வீட்டுச் செலவுக்கு உதவினார்.

வறுமை அவருடைய படிப்பை நிறுத்தவில்லை. சரகோசா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று 1921இல் மிகச் சிறந்த தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். மாணவியாக இருந்த காலத்திலேயே அரகோன் வட்டாரச் சொற்களுக்கான அகராதிப் பணியில் கைகொடுத்தார். சொற்களைத் திரட்டுவது எப்படி என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார் எனலாம்.

1922இல் அரசாங்கத் தேர்வெழுதி, ஆவணக் காப்பாளர், நூலகர் பணிப்பிரிவில் சேர்ந்தார். முதலில் சிமான்காஸ் ஆவணக் காப்பகம், அடுத்து மூர்சியா நகரம். மூர்சியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த முதல் பெண்மணி அவரே. அந்நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பெர்னாண்டோ ரமோனை 1925இல் மணந்தார். முதல் பெண் குழந்தையை இழந்தாலும், பின்னர் பிறந்த நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

கழுதை மேல் போன நூல்கள்

1931இல் ஸ்பெயின் குடியரசானது. சாலையும் மின்சாரமும் எட்டாத கிராமங்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்ல அவ்வாண்டே ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. நாடகம், திரைப்படம், ஓவியப் படிகள் எல்லாம் லாரியிலும் கழுதை மீதும் ஊர் ஊராகப் பயணம் செய்தன. ஆயிரக்கணக்கான ஊர்களுக்குச் சிறு நூலகங்கள் அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் 100 நூல்கள் இருந்தன.

அப்போது வலென்சியாவில் குடியிருந்த மொலினேர் அம்மையார் இந்தக் கிராம நூலகப் பணியில் முழுமூச்சாக ஈடுபட்டார். நூல்களை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடவில்லை. ஊர்களுக்கே போய், யார் படிக்கிறார்கள், யார் பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சிறு நூலகங்களை நடத்துவோருக்காக 1937இல் ஒரு கையேடு எழுதினார். ஒரு நூலகருக்கு இரண்டு நம்பிக்கைகள் வேண்டும் என்பது அதன் சாரம். தாம் பணி செய்யும் மக்கள் அறிவில் உயர முடியும் என்பது ஒன்று. தம் பணியால் அது நடக்கும் என்பது மற்றொன்று. நாடு முழுமைக்குமான நூலகத் திட்டம் ஒன்றையும் அவர் வகுத்தார். அது அச்சேறிய 1939ஆம் ஆண்டிலேயே குடியரசு உள்நாட்டுப் போரில் தோற்றது. திட்டம் ஏட்டோடு நின்றது.

வென்ற பிராங்கோ அரசு குடியரசுக் காலத்து அலுவலர்களை விசாரித்துத் தண்டித்தது. கணவர் பேராசிரியர் பதவியை இழந்தார்; சில ஆண்டுகள் கழித்தே அது திரும்பக் கிடைத்தது. மொலினேர் அம்மையார் பணிமூப்புப் பட்டியலில் 18 படிகள் கீழே இறக்கப்பட்டார். 1946இல் மாட்ரிட் நகரின் தொழிற்பொறியியல் கல்லூரி நூலகத்திற்கு வந்தார். நாடு முழுமைக்கும் நூலகம் அமைக்கக் கனவு கண்டவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கல்லூரியின் நூலகம். 1970இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

பதினைந்து ஆண்டுகள்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவரோ சலமான்கா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்ததால் வாரத்தில் பல நாள் வீட்டில் இல்லை. 1952 வாக்கில் மகன்களுள் ஒருவர் பாரிசிலிருந்து ஓர் ஆங்கில அகராதி வாங்கி வந்தார். அயல்நாட்டு மாணவர்களுக்காக ஹோர்ன்பி தொகுத்த அகராதி அது. ஸ்பானிய மொழிக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்று அம்மையாருக்குத் தோன்றியது. விரைவில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார். அலுவலகம் புறப்படும் வரை எழுதுவார். மாலையில் வீடு திரும்பியதும் மறுபடியும் எழுதுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. பென்சிலும் தட்டச்சுப் பொறியும் அவருடைய கருவிகள். உணவு மேசைதான் அலுவலகம். சாப்பாட்டு நேரம் வந்தால் அட்டைகளை ஒதுக்கித் தட்டு வைக்கவேண்டும்.

அவர் செய்தது என்ன? அன்று அதிகாரமாக விளங்கியது அரச மொழிக் கழகத்தின் அகராதி. அதில் ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகத் தருவார்கள். அந்த மற்றொரு சொல்லைத் தேடிப் போனால் முதல் சொல்லுக்கே திருப்பி அனுப்பும். மகிழ்ச்சி என்றால் களிப்பு, களிப்பு என்றால் மகிழ்ச்சி என்பது போல. அம்மையார் அச்சொற்களுக்கான விளக்கங்களைப் பிரித்துப் போட்டு, அன்றாடம் பேசும் தெளிவான மொழியில் புதிதாக எழுதினார். ஒரு வினைச்சொல்லுடன் எந்த இடைச்சொல் சேரும் என்று காட்டினார். கனவு காண்பதைச் சொல்லும் ஸ்பானிய வினையை எடுத்துக்கொள்வோம். நாம் உன்னைக் கனவில் கண்டேன் என்போம். அவர்களோ உன்னோடு கனவு கண்டேன் என்பார்கள். அயலார் தடுக்கி விழும் இடம் இது. இத்தகைய இடங்களில் கைபிடித்து நடத்துவதால்தான் அதற்குப் பயன்பாட்டு அகராதி என்று பெயர். சொல் தெரிந்தவர் பொருளைத் தேடலாம்; பொருள் மட்டும் தெரிந்தவர் அதற்குரிய சொல்லைக் கண்டடையலாம். இரு வழியும் அதில் உண்டு.

கிரேதோஸ் பதிப்பகம் 1966இலும் 1967இலும் இரண்டு தொகுதிகளாக அதை வெளியிட்டது. ஏறத்தாழ 3,000 பக்கங்கள். அம்மையாருக்கு அப்போது வயது 67.

திறக்காத கதவு

ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் 1713இல் தோன்றியது. 1972இல் அதில் காலியான ஓர் இருக்கைக்கு மூன்று உறுப்பினர்கள் மொலினேர் அம்மையாரின் பெயரை முன்மொழிந்தார்கள். 259 ஆண்டுகளில் ஒரு பெண்கூட அங்கே முழு உறுப்பினராக அமர்ந்ததில்லை. வாக்கெடுப்பில் இலக்கண அறிஞர் எமிலியோ அலார்கோஸ் தேர்வானார். அலார்கோஸ் தகுதி குறைந்தவர் அல்லர். ஆனால் அகராதியைத் தன் முதற்கடமையாகக் கொண்ட கழகம், தனியொருவராக ஓர் அகராதியை முடித்த பெண்மணியை வெளியே நிறுத்திவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது.

மொலினேர் அம்மையார் தமக்கு இருக்கும் ஒரே தகுதி அந்த அகராதி மட்டுமே என்ற கருத்தில் அடக்கமாகப் பேசினார். 1978இல் கவிஞர் கார்மென் கோந்தே கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்வானார். அந்தச் செய்தியை உணர்ந்து மகிழும் நிலையில் அம்மையார் அப்போது இல்லை.

காரணம், மூளை இரத்தக் குழாய்களைப் பாதித்த நோய். 1974இல் கணவர் மறைந்த பிறகு அவருடைய நினைவு மெல்ல மெல்ல மங்கியது. அவர் சேர்த்துவைத்த சொற்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1981ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், தம் 80ஆம் வயதில் மாட்ரிட்டில் காலமானார். மறு மாதமே, எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் அவரைப் போற்றி நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பானிய மொழியில் எழுதுவோரின் மேசைகளில் அந்த இரு தொகுதிகளும் அதற்குள் இடம்பிடித்திருந்தன.

பெட்டியைத் திறந்தேன்

நண்பர்களே, இந்த வாழ்க்கையில் நான் கண்டது இதுதான். அவரிடம் அலுவலகம் இல்லை, குழு இல்லை, மானியம் இல்லை, மொழியியல் பட்டமும் இல்லை. படித்தது வரலாறு, பார்த்தது நூலக வேலை. தகுதிச் சான்று கேட்டுக் காத்திருந்தால் அந்த 3,000 பக்கங்கள் வந்திருக்கா. வேலையைச் செய்தார், அதுவே அவருக்குத் தகுதியாயிற்று.

என் பாட்டிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இப்போதெல்லாம் பேசும்போது நடுவில் நின்று, ஒரு சொல்லைத் தேடுகிறார். சில நேரம் கிடைக்கிறது, சில நேரம் கிடைப்பதில்லை. சென்ற விடுமுறையில் பெட்டியைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடம் என்று முன்பு ஒரே வரியில் எழுதியிருந்தேன். பாட்டியிடம் மறுபடி கேட்டேன். இருட்டு, மண்ணெண்ணெய் விளக்கு, கங்காணியின் குரல், பிந்தி வந்தால் அன்றைய கூலி போச்சு என்று அரை மணி நேரம் சொன்னார். அந்தச் சொல் இப்போது இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.