பெரியாரும் திருமணச் சட்டமும்

பூஜப்புரை மத்தியச் சிறையின் நெடுமதிலைக் கடக்கும்போதெல்லாம், இதனுள்ளே பெரியார் கைதியாக இருந்தாரே என்னும் எண்ணம் எனக்கு எழும். நண்பர்களே, அவர்தம் வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் இங்கே கூற விழைகிறேன்.

1879இல் ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ஈ.வெ.ராமசாமி. 1924இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகப் போராடினார். முதலில் ஒரு மாதம் அருவிக்குத்தியில் சிறை; மீண்டும் போராடியதால் இங்கே கடுங்காவல். ஆகஸ்டில் மன்னர் மூலம் திருநாள் மறைந்தபின் விடுதலை பெற்றார்.

1925இல் காங்கிரசை விட்டு விலகிச் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். தெருவில் சமத்துவம் கேட்டவர், மணவறையிலும் அதனைக் கேட்டார். புரோகிதர் வேண்டா, மந்திரமும் தீவலமும் வேண்டா, உற்றார் முன்னிலையில் இருவரும் உறுதிகூறி மாலை மாற்றினால் போதும் என்றார். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் அத்தகைய முதல் திருமணம் அவர் தலைமையில் நடந்தது.

மக்கள் ஏற்றனர், சட்டம் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அன்புடன் இல்லறம் நடத்திய எத்தனையோ பேர், சட்டத்தின் கண்களில் கணவன் மனைவி அல்லாதவர் ஆயினர். அவர்தம் மக்களின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயிற்று.

பெரியார் 1949இல் மணியம்மையாரை மணந்தபோது பதிவாளர் முன்னிலையில் பதிவு செய்தார். அத்திருமணத்தை எதிர்த்துப் பிரிந்து சென்றவர் அண்ணா. அவரே 1967இல் முதலமைச்சராகிச் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினார்! முன்பு நடந்த திருமணங்களையும் அச்சட்டம் செல்லத்தக்கவை ஆக்கிற்று. நாற்பதாண்டுக் காத்திருப்பின் முடிவைக் கண்ணாரக் கண்ட பெரியார், 1973 டிசம்பர் 24இல் மறைந்தார்.

இக்கதையை இன்று ஏன் கூறுகிறேன்? ஒருபால் இணையர் மணம் கோருவது கேட்டு நானும் ஒருகாலத்தில் நகைத்தவன். 1953ஆம் ஆண்டுத் தீர்ப்பை அறிந்தபின் என் நகைப்பு அடங்கிற்று. அவர்களது உறவு குற்றமன்று என 2018இல் உச்சநீதிமன்றம் கூறியது. தம் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டி 2020இல் ஓர் ஆடவர் இணை கேரள உயர்நீதிமன்றத்தை நாடியது. ஆனால் 2023 அக்டோபர் 17இல், மண உரிமை வழங்குதல் சட்டமன்றங்களின் வேலை என உச்சநீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025இல் கூறியது ஆறுதலே. எனினும் கணவன் மனைவியர்க்குரிய வாரிசுரிமை அதனால் கிட்டிவிடாது.

1967ஆம் ஆண்டுச் சட்டமும் கணவன், மனைவி என்றே பேசுகிறது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், நீதிமன்றம் அடைத்த கதவைச் சட்டமன்றம் திறக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. அன்று மாலை மாற்றிய இருவரை நகைத்தவர் பலர். இன்று நாம் எப்பக்கம் நிற்கிறோம் என ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.