பூனைக்குட்டியின் தந்தை: ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள்

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக!

ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலரில் நபித்தோழர் ஒருவரின் வாழ்வை எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு எவரை எழுதுவது என்று நாம் தேட வேண்டியிருக்கவில்லை. நம் பள்ளிவாசலின் சந்தூக்கு அறையில் குட்டி ஈன்ற ஒரு தெருப்பூனையே அவரை நமக்குக் காட்டித் தந்தது. அச்செய்தியை இறுதியில் கூறுவோம். முதலில், ஒரு பூனைக்குட்டியின் பெயரைக் கொண்டே பதினான்கு நூற்றாண்டுகளாக உலகம் அழைத்து வரும் அம்மேதையின் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் பெயரும்

யமன் நாட்டில் அஸ்து கோத்திரத்தின் கிளையாகிய தவ்ஸ் குலத்தில் தோன்றியவர்கள் ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அறியாமைக் காலத்தில் அவர்களுக்கு இடப்பட்டிருந்த பெயர் சூரியனின் அடிமை என்னும் பொருள் தரும் அப்து ஷம்ஸ் என்பதாகும். இஸ்லாத்திற்கு வந்தபின் அப்துர் ரஹ்மான் எனப் பெயர் பெற்றார்கள். அவர்களின் இயற்பெயர் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஆயினும் அவையனைத்தும் ஏட்டோடு நின்றுவிட்டன. மக்கள் நாவில் நிலைத்தது பூனைக்குட்டி தந்த பெயரே.

இளமையிலேயே தந்தையை இழந்து அனாதையாக வளர்ந்த அவர்கள், வீட்டாரின் ஆடுகளை மேய்த்து வந்தார்கள். அப்போது அவர்களிடம் ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தில் வைத்து விடுவார்கள். பொழுது விடிந்ததும் எடுத்துக் கொண்டு மேய்ச்சலுக்குச் செல்வார்கள், அதனுடன் விளையாடுவார்கள். இதைக் கண்ட மக்கள் அவர்களைப் பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும்படி அபூஹுரைரா என அழைக்கலாயினர். இச்செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆதரவற்ற ஒரு சிறுவர், தம்மினும் ஆதரவற்ற ஓர் உயிருக்கு ஆதரவாயிருந்தார். தமக்கே வயிறார உணவில்லாத நிலையிலும் இரவில் அது எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணி இடம் பார்த்து வைத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொருந்தாப் பெயர்களை மாற்றி வைக்கும் வழக்கமுடையவர்கள். அத்தகைய பெருமானார் இப்பெயரை வெறுக்கவில்லை. அபூஹிர் எனச் செல்லமாக அதனைச் சுருக்கியும் அழைத்தார்கள்.

மதீனாவை நோக்கி

தவ்ஸ் குலத்தின் தலைவர்களுள் ஒருவரான துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அழைப்பின் வழியே அக்குலத்தில் இஸ்லாம் பரவிற்று. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் கைபரில் இருந்தார்கள். உடனே அங்குச் சென்று திருச்சமூகத்தில் இணைந்தார்கள். வழியில் அவர்களின் அடிமை ஒருவர் பிரிந்து போயிருந்தார். அவர் பின்னர் நபியவர்களின் முன்னிலையில் வந்து நின்றபோது, அல்லாஹ்வுக்காக அந்த இடத்திலேயே உரிமை விட்டார்கள். அவர்களிடம் இருந்த உடைமை அது ஒன்றே எனலாம்.

அதன்பின் மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையே அவர்களுக்கு வீடாயிற்று. அஹ்லுஸ் ஸுஃப்ஃபா என்னும் திண்ணைத் தோழர்களுக்கு மனைவி மக்களோ, வியாபாரமோ, தோட்டமோ கிடையாது. கல்வியே அவர்களின் தொழில். பசியின் கடுமையால் ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வயிற்றில் கல்லைக் கட்டிக் கொண்டதுண்டு. மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்ததுமுண்டு. பார்த்தவர்கள் அதை வலிப்பு என்று எண்ணினார்கள். உண்மையில் அது பசியேயன்றி வேறில்லை.

ஒருநாள் பசி தாங்காமல் அவர்கள் வழியில் அமர்ந்திருக்க, முகக்குறிப்பால் நிலைமையை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. அதைக் கண்டு மகிழ்ந்த அவர்களிடம், திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு கட்டளை பிறந்தது. தமக்கு என்ன மிஞ்சும் என்ற கவலை எழுந்தாலும் கட்டளைக்குப் பணிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கொடுத்து, எல்லோரும் வயிறு நிரம்பிய பின்னரே அவர்கள் பருகினார்கள். இனி இடமில்லை என்னும் அளவுக்குப் பருகினார்கள். கடைசியில் மிஞ்சியதை அண்ணலார் அருந்தினார்கள். பிற வயிறுகளை முதலில் எண்ணும் பாடம் ஒரு கிண்ணப் பாலில் கற்றுத் தரப்பட்டது.

தாயின் மைந்தர்

அவர்களின் அன்னையார் நெடுநாள் இஸ்லாத்தை ஏற்காதிருந்தார்கள். ஒருநாள் நபியவர்களைக் குறித்துத் தகாத சொற்களைக் கூறவே, மகனார் அழுதவர்களாகத் திருச்சமூகம் சென்று துஆச் செய்ய வேண்டினார்கள். துஆவைப் பெற்று வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் புழங்கும் ஓசை கேட்டது. குளித்து உடை உடுத்திக் கதவைத் திறந்த தாயார் கலிமாவை மொழிந்தார்கள். துயரத்தால் அழுதுகொண்டு சென்ற அதே வழியில், மகிழ்ச்சியால் அழுதுகொண்டு மீண்டும் ஓடினார்கள் அம்மைந்தர்.

தாயாருக்குப் பணிவிடை செய்ய வேண்டியிருந்ததால் அவர் மறையும் வரை அவர்கள் ஹஜ்ஜுக்குச் செல்லவில்லை என முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. தாயன்பின் அருமையை அறிந்த உள்ளம் அது.

கருணையின் அறிவிப்பாளர்

நாயகத்துடன் அவர்கள் வாழ்ந்த காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. ஆயினும் அவர்கள் வாயிலாக நமக்கு வந்துள்ள அறிவிப்புகள் 5374 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. நபித்தோழர்களுள் வேறெவருக்கும் இத்தொகை இல்லை. முஹாஜிர்கள் கடைவீதியிலும் அன்ஸாரிகள் தோட்டங்களிலும் உழைத்த வேளைகளில் இவர்கள் நபியவர்களை விட்டு அகலாதிருந்ததும், மறதி நீங்க நபியவர்கள் செய்த துஆவுமே அதற்குக் காரணங்கள்.

அவ்வறிவிப்புகளுள் வாயில்லா உயிர்களைப் பற்றியவை பல. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோலுறையில் நீர் முகந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டியவர் பாவமன்னிப்புப் பெற்ற செய்தியை நமக்குத் தந்தவர்கள் இவர்களே. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த முற்கால நபி ஒருவர் இறைவனால் கண்டிக்கப்பட்ட செய்தியைத் தந்தவர்களும் இவர்களே. அல்லாஹ் தன் கருணையை நூறு பங்காக்கி, அவற்றுள் ஒன்றை மட்டும் பூமிக்கு இறக்கினான் என்பதும், தன் குட்டியை மிதித்துவிடாமல் குதிரை குளம்பைத் தூக்கிக் கொள்வதும் அந்த ஒரு பங்கினாலேயே என்பதும் இவர்கள் வாயிலாக வந்தவையே. குட்டியின் பிடரியைப் பல் படாமல் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைப் பார்க்கும் போதெல்லாம் நமக்கு அந்த ஒரு பங்கு நினைவுக்கு வருகின்றது.

பூனையைக் கட்டிப் போட்ட பெண்ணின் செய்தியையும் பிற தோழர்களுடன் இவர்கள் அறிவித்துள்ளார்கள். அப்பெண் பூனையை அடித்தாள் என்றோ அறுத்தாள் என்றோ அதில் இல்லை. உணவு கொடுக்கவுமில்லை; பூமியில் தானே இரை தேடிக்கொள்ள விடவுமில்லை. அது இறந்தது, அவள் நரகத்திற்குரியவளானாள். ஒன்று ஊட்ட வேண்டும், அல்லது தானே உண்ண வழிவிட வேண்டும். இரண்டும் இன்றி ஓர் உயிரை வைப்பதே குற்றம் என்பது அதன் சாரம்.

இனி எண்ணிப் பாருங்கள். கண் திறவாத குட்டிகளைச் சாக்கில் அள்ளிப் பொட்டலில் விட்டு வருகின்றோம். கட்டிப் போடவில்லையே, அவிழ்த்துத்தானே விட்டோம் என்று நாம் மனத்தைத் தேற்றிக் கொள்ளலாம். ஆனால் நடக்கவே இயலாத குட்டிக்குத் தாயைவிட்டுப் பிரிந்த இடம் முழுவதும் கயிறேயாகும். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துப் பதறியதைக் கண்ட அண்ணலார், குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கும்படி கட்டளையிட்டதை ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தாயையும் சேயையும் பிரிக்காதிருப்பதே இதில் முதல் கடமையெனக் கொள்கின்றோம்.

பதவியும் எளிமையும்

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களை பஹ்ரைனுக்கு ஆளுநராக்கினார்கள். அவர்கள் பொருளுடன் திரும்பியபோது கலீஃபா கடுமையாகக் கணக்குக் கேட்டார்கள். குதிரைகள் பெருகியதாலும் அன்பளிப்புகளாலும் சேர்ந்ததென விளக்கம் தரப்பட்டது. பின்னர் மீண்டும் பதவி ஏற்குமாறு வேண்டியபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் மர்வானுக்குப் பகரமாக மதீனாவின் பொறுப்பை ஏற்றிருந்த நாட்களில், விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு கடைவீதியில் நடந்து வந்தார்கள்.

வீட்டிலோ, இரவை மூன்றாகப் பகுத்து, தாமும் மனைவியும் பணியாளரும் முறைவைத்து எழுந்து தொழுதார்கள். அந்த மனைவியார் யார் தெரியுமா? வறுமைக் காலத்தில் வயிற்றுச் சோற்றுக்காக எவரிடம் கூலிவேலை செய்தார்களோ, அந்த புஸ்ரா பின்த் கஸ்வான் என்னும் பெண்மணியே.

ஹிஜ்ரி 57, 58, 59 என மூன்று கருத்துகள் அவர்களின் மறைவாண்டு குறித்து உள்ளன. எழுபத்தெட்டு வயதில், பயணம் நெடியது, கட்டுச்சோறோ குறைவு என்று கண்ணீர் வடித்தவர்களாக இவ்வுலகைப் பிரிந்து, ஜன்னத்துல் பகீஃயில் அடங்கினார்கள்.

நமக்குள்ள படிப்பினை

இப்போது நம் பள்ளிவாசல் செய்திக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் குட்டிகள் கிடந்தபோது, அவற்றைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டு வந்தார்கள். அதைச் செய்தவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. ஏனெனில் நாமும் அறிந்தே மௌனமாயிருந்தோம். அதன்பின் மூன்று இரவுகள், தஹஜ்ஜுத் நேரத்தில் அத்தாய்ப்பூனை ஹவுளைச் சுற்றிச் சுற்றிக் கத்தியதை நாம் கேட்டோம். ஓதிய வசனத்தில் மனம் நிற்கவில்லை. அந்த மௌனத்திற்காக இன்றும் தவ்பாச் செய்து வருகின்றோம்.

சென்ற ஷஅபான் பிறை தொடக்கத்தில் சந்தூக்கு அறையில் மீண்டும் மூன்று குட்டிகள் பிறந்தன. எந்நேரமும் ஜனாஸாவுக்குத் தேவைப்படும் இடம் அது. சுத்தம் கெடும் என்று சிலர் கவலைப்பட்டது நியாயமே. பூனை வாய்வைத்த தண்ணீர் அசுத்தமன்று என்பது ஹழ்ரத் அபூகதாதா (ரலி) அவர்களின் அறிவிப்பால் தெரிந்ததே. ஹனஃபீ மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்க அதைப் பயன்படுத்துவது விரும்பத்தக்கதன்று என்பர். ஆயினும் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். கழுவியே ஆக வேண்டும். ஆகவே இடம் மாற்ற வேண்டும், ஆனால் பிரிக்கக் கூடாது என்று அவ்வார ஜும்ஆவில் எடுத்துரைத்தோம்.

மையவாடிச் சுவரை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் ஓர் அட்டைப் பெட்டியைப் படுக்க வைத்து, பூனை படுத்திருந்த பழந்துணியையே அதில் விரித்து, தாய் பார்த்திருக்கவே மூன்று குட்டிகளையும் ஒருசேர எடுத்து வைத்தோம். அன்றிரவே அது இரண்டைக் கவ்விக்கொண்டு பழைய அறைக்கே திரும்பிவிட்டது. சிலர் சலிப்படைந்தனர். மோதினார் அவர்களோ பொறுமையாக மறுநாள் மீண்டும் கொண்டுபோய் வைத்து, அருகே தண்ணீரும் மீன்தலையும் வைத்துவிட்டு விலகி வந்தார்கள். அறையின் சன்னலுக்குக் கம்பிவலை அடிக்கப்பட்டது. மூன்றாம் நாள் பூனை அங்கேயே தங்கிற்று. பராஅத் இரவுக்குள் குட்டிகள் கண் விழித்தன. பெருநாள் கழிந்து, அவை தாமே உண்ணத் தொடங்கிய பின்னரே, இரண்டை ஜமாஅத்தார் இருவர் தம் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். ஒன்று தாயுடன் இருக்கின்றது.

எனவே ஜமாஅத்தார் அனைவரையும், குறிப்பாக மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோரையும் வேண்டிக் கொள்கின்றோம். தனித்துக் கிடக்கும் குட்டிகளைக் கண்டவுடன் தூக்கி விடாதீர்கள். தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். தொலைவில் நின்று சில மணி நேரம் பாருங்கள். இடம் மாற்றுவது கட்டாயமானால் தாயுடன் சேர்த்தே மாற்றுங்கள். சுமார் இரண்டு மாதம் நிறையும் முன் பிரிக்காதீர்கள். குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. தாய்க்கு உணவும் நீரும் வைத்தாலே குட்டிகளுக்குப் பால் கிடைத்துவிடும்.

ஒரு பூனைக்குட்டியை மரத்தில் பத்திரமாக வைத்த சிறுவரை அல்லாஹ், தன் தூதரின் சொற்களைப் பத்திரமாக வைக்கும் பெட்டகமாக ஆக்கினான். சிறியது என்று எதையும் நாம் தள்ளிவிட இயலாது. வாயில்லா உயிர்கள் மறுமையில் நமக்கு எதிராக நில்லாமல், நமக்குச் சாதகமாக நிற்கும்படியான வாழ்வை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.