கரிசல் நாட்டு ஓவியர் கொண்டையராஜு

அரண்மனைச் சுவரில் அமைந்த ஓவியத்தைக் காண விரும்புவோர் அவ்வரண்மனையை நாடிச் செல்லுதல் வேண்டும். ஆலய விதானத்து ஓவியத்தைக் காண விழைவோர் ஆலய வாயிலைக் கடத்தல் வேண்டும். செல்வர் மாளிகையில் பொற்சட்டம் இட்டுத் தொங்கும் ஓவியமோ, செல்வரின் நண்பர்க்கே காட்சி அளிப்பது. ஆயின், காண்போரைத் தன்பால் அழையாது, தானே காண்போரின் இல்லம் தேடிச் சென்ற ஓவியமும் ஒன்று உண்டு. புத்தாண்டு பிறக்கும் பொழுது கடைக்காரர் தம் வாடிக்கையாளர்க்கு வழங்கும் நாட்காட்டிப் படமே அது. நாளும் திங்களும் கழிந்து, நாட்காட்டியின் தாள்கள் யாவும் கிழிபட்ட பின்னரும், அதன் மேலமைந்த தெய்வப் படத்தை மக்கள் எறிவதில்லை. கண்ணாடிச் சட்டம் இட்டுப் பூசைக்கு உரியதாக்கிக் கொள்வர். அத்தகைய படங்களுக்குத் தமிழ்நாட்டில் தனியொரு வடிவம் அளித்த பெருமை கோவிற்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு அவர்களைச் சாரும்.

கொண்டையராஜு 1898-ஆம் ஆண்டு பிறந்தார். ஓவியத்தில் இளமையிலேயே வேட்கை கொண்ட அவர், சென்னை ஓவியக் கல்லூரியில் மாணவராய்ச் சேர்ந்தார். அக்கல்லூரி, அலெக்சாண்டர் அண்டர் என்னும் ஆங்கில மருத்துவரால் 1850-ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. மேனாட்டு முறையில் உருவம் வரைதலும், தொலைவு தோன்ற எழுதுதலும், ஒளிநிழல் காட்டுதலும் ஆங்குப் பயிற்றப் பெற்றன.

ஒளிநிழல் என்பது யாது? ஒரு பக்கமிருந்து ஒளி விழுமாயின், பொருளின் அப்பக்கம் விளங்கும், மறுபக்கம் மங்கும், இடைப்பட்ட பகுதி படிப்படியாய் நிறம் மாறும். இம்மாற்றத்தை நுணுகி நோக்கித் தாளிலே காட்டின், தட்டையான தாளில் திரண்ட உருவம் எழுந்து நிற்கும். நம் நாட்டுப் பழைய ஓவியங்களோ பெரிதும் கோட்டின் திறத்தாலே உயிர் பெறுபவை. சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோவிலிலும் உள்ள ஓவியங்களைக் கண்டோர் இதனை அறிவர். வளைந்தோடும் ஒரு கோடே தோளையும் இடையையும் காட்டிவிடும். கொண்டையராஜு கல்லூரியிற் கற்றது ஒளிநிழலின் கலை. பிறந்த நாட்டில் வாழையடி வாழையாய் வந்தது கோட்டின் கலை. இவ்விரண்டையும் பொருத்துவது எங்ஙனம் என்னும் வினாவே அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வினா எனலாம்.

கல்வி முடித்தோர் அரசாங்கப் பணியை நாடுதல் அக்காலத்து வழக்கம். இவரோ அவ்வழியில் நெடிது நில்லாது, துறவு நெறியில் உள்ளம் ஈர்க்கப்பட்டார். திருவண்ணாமலையில் இரமண முனிவர் வாழ்ந்த ஆசிரமத்தைச் சார்ந்து சில காலம் தங்கினார். எனினும், தூரிகை அவரை விடவில்லை. அவரும் தூரிகையை விடவில்லை. பின்னாளில் அவர் எழுதிய தெய்வ முகங்களில் காணப்படும் அமைதிக்கு அவ்வாசிரம வாழ்வு துணை செய்திருத்தல் கூடும்.

அதன்பின் அவர் நாடகக் குழுவோடு சேர்ந்து திரை எழுதும் ஓவியரானார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் ஊர் ஊராய்ச் சென்று, கொட்டகை அமைத்து நாடகம் ஆடின. அரசவை, கானகம், தெருக்காட்சி, கயிலைமலை என ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு திரை வேண்டியிருந்தது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அத்திரை தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். விளக்கின் ஒளியில் எந்நிறம் மங்கும், எந்நிறம் எடுத்துக்காட்டும் என்பதனை ஓவியர் அறிந்திருத்தல் வேண்டும். நுண்ணிய வேலைப்பாடு அருகிலிருந்து நோக்குவார்க்கே பயன்படும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு நிறத்தின் தெளிவே பயன்படும். கல்லூரி கற்பியாத இப்பாடத்தை நாடக மேடை அவருக்குக் கற்பித்தது.

1940-களில், தாம் சார்ந்திருந்த நாடகக் குழு கலைந்தமையால் கொண்டையராஜு கோவிற்பட்டியிலே தங்க நேர்ந்தது. தங்கியவர் அவ்வூரையே தம் ஊராக்கிக் கொண்டார்.

கோவிற்பட்டி கரிசல் நாட்டின் நடுவண் அமைந்தது. மழை பெய்தாற் காலை விடாது பற்றும் மண், கோடையில் ஆள் கால் புதையும் அளவு வெடித்துக் கிடக்கும். வற்றாத ஆறு இல்லை. வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளைவன. பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் மக்களுக்கு வாழ்வளித்தன. கண்ணுக்குக் குளிர்ந்த பசுமை அரிதாயினும், கலைக்கு அந்நாடு வறியதன்று. அணித்தே உள்ள கழுகுமலையில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரு மலையையே குடைந்து வெட்டுவான் கோவிலைச் சமைத்துள்ளனர். பாரதியார் பிறந்த எட்டயபுரமும் அருகிலேயே உள்ளது. இத்தகைய நாட்டில் ஓவியர் ஒருவர் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆயினும், நாடகக் குழுவை இழந்த ஓவியர்க்குச் சோறு அளிப்பவர் யார்? கொண்டையராஜுவும் அவர்தம் மாணாக்கரும் நிழற்பட நிலையத்தின் துணையை நாடினர். தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்னும் பெயரில் அவர்கள் தொழில் நடத்தினர். அந்நாளில் நிழற்படம் எடுத்துக்கொள்ள வருவோர், பின்னே தூணும் படிக்கட்டும் பூஞ்சோலையும் எழுதிய திரையின்முன் நிற்பது வழக்கம். கருப்பு வெள்ளைப் படத்திற்குக் கையால் நிறம் தீட்டுவதும், குறைகளைத் திருத்துவதும் ஓவியரின் வேலையே. நிழற்படக் கலை முழுவதும் ஒளியையே கருவியாகக் கொண்டது. முகத்தின் எப்பகுதியில் ஒளி பட்டால் முகம் பொலிவுறும், எங்கு நிழல் மிகுந்தால் கடுமை தோன்றும் என்பதனை நாள்தோறும் காணும் வாய்ப்பு இதனால் வாய்த்தது.

இந்நிலையில் அவர் கலைக்குப் புதிய வாயில் ஒன்று திறந்தது. அது சிவகாசி நகரத்து அச்சுத் தொழிலாகும்.

அச்சுக் கலையின் வரலாறு சுவையானது. ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த செனபெல்டர் என்னும் நாடகாசிரியர், தம் நாடக நூல்களைக் குறைந்த செலவில் அச்சிடும் வழியை ஆராய்ந்து, 1796-ஆம் ஆண்டளவில் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இம்முறையின் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் நெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டினால், வரைந்த இடம் மையை ஏற்கும். நனைந்த இடம் மையை விலக்கும். பின் தாளை அழுத்தினால் படம் தாளில் இறங்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். கேரளத்து ஓவியர் இரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் இத்தகைய அச்சகம் நிறுவித் தம் தெய்வ ஓவியங்களை நாடெங்கும் பரப்பினார். பிற்காலத்தில் கல்லுக்கு மாற்றாக உலோகத் தகடும், தகட்டினின்று படத்தை வாங்கித் தாளில் இடும் ரப்பர் விரிப்பும் வந்தன.

சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தொழில் பெருகவே, தீப்பெட்டிகளின்மேல் ஒட்டும் வண்ணச் சீட்டுகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சகங்கள் தோன்றின. அச்சகங்கள் தோன்றவே நாட்காட்டிகளும் தோன்றின. வண்ண அச்சில் ஒரே தாள் பலமுறை எந்திரத்துள் செல்லும். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரியும். தாள் விரிந்தால் மஞ்சளும் சிவப்பும் நீலமும் தத்தம் இடத்தில் அமையாமல் உருவம் சிதையும். வறண்ட காற்று வீசும் சிவகாசியில் அவ்விடர் குறைவு. உழவனை வருத்திய வறட்சியே அச்சுத் தொழிலுக்கு வளமாயிற்று.

சிவகாசி அச்சகத்தார் நாட்காட்டிக்கு உரிய படங்களைக் கொண்டையராஜுவிடம் வேண்டினர். அச்சுக்கு ஓவியம் எழுதுதல் எளிய செயலன்று. எழுதிய படம் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டுத் தகடுகளில் ஏறி, மீண்டும் தாளில் ஒன்றுபட வேண்டும். இடையே உருவம் சுருங்கும். நிறமும் சிறிது மாறும். இவற்றையெல்லாம் முன்னரே எண்ணி எழுதுபவனே அச்சுக்கு ஏற்ற ஓவியன். கல்லூரியில் கற்ற உருவப் பயிற்சி, மேடையில் கற்ற நிறத்தெளிவு, நிழற்பட நிலையத்தில் கற்ற ஒளியறிவு ஆகிய மூன்றும் இப்பணியில் ஒருங்கு கூடின.

அவர் படங்களில் ஒளி அமைந்துள்ள முறை நோக்கத்தக்கது. மேனாட்டு ஓவியத்தில் ஒரு சாளரத்தின் வழியோ, விளக்கிலிருந்தோ ஒளி வந்து உருவத்தின்மேல் விழும். அவ்வாறாயின் முகத்தின் ஒரு பாதி இருளில் அமையும். தெய்வத்தின் திருமுகத்தில் பாதியை இருளாக்க நம் மக்கள் உள்ளம் ஒருப்படுமோ? ஆதலின், கன்னமும் தோளும் திரண்டு தோன்றும் அளவிற்கு மட்டும் மெல்லிய நிழலை வைத்து, திருவுருவத்திலிருந்தே ஒளி புறப்படுவதுபோல அமைத்தார் அவர். ஆடை அணிகளும் படைக்கலங்களும் கோவில் சிற்பங்களில் உள்ளவாறே பிழையின்றி அமைந்தன. முருகன், திருமகள், கலைமகள் முதலிய தெய்வ வடிவங்கள் பல அவர் தூரிகையில் எழுந்தன. அவர் எழுதிய மீனாட்சி திருக்கல்யாணப் படம் பெரும்புகழ் பெற்றது. மதுரைத் திருக்கோவிலின் கல்லில் உறைந்து நின்ற அத்திருமணக் காட்சி, அவரது படத்தின் வழியே வண்ணம் பெற்று வீடுகள்தோறும் சென்றது.

இதன் பயனை நன்கு உணர, அக்கால நிலையை நினைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் ஒருசார் மக்கள் நெடுங்காலம் திருக்கோவிலுக்குள் நுழையவொட்டாமல் தடுக்கப்பட்டிருந்தனர். மதுரை மீனாட்சி கோவிலில் அவர்கள் நுழைந்து வழிபட்டது 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாளில்தான். சட்டம் வாயிலைத் திறந்த பின்னரும், ஊர்தோறும் தடைகள் உடனே அகன்றுவிடவில்லை. கருவறையின் முன் நிற்க இயலாதிருந்தவன் குடிசையிலும், பயணச் செலவுக்கு வழியில்லாத உழவன் வீட்டிலும், ஆலைத் தொழிலாளியின் ஒற்றை அறையிலும் இப்படங்கள் வீற்றிருந்தன. படத்தின் முன் நிற்பவனை யாரும் நீ யார் என்று வினவுவதில்லை.

கற்றோருள் சிலர் நாட்காட்டிப் படங்களை மலிவுக் கலை என்று இகழ்ந்ததுண்டு. ஒரே படம் பல்லாயிரம் படிகளாகப் பெருகுவதால் அதன் அருமை குன்றும் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் ஓரளவு உண்மையும் இல்லாமற் போகவில்லை. வணிகர் விரும்பிய இனிமைக்கு ஓவியன் அடங்க வேண்டியிருந்தது. விலை போன வடிவத்தையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எனினும், நெல் மலிந்தால் அதனை இகழ்வார் இல்லை. பலர்க்கும் எளிதிற் கிட்டுவது ஒரு பொருளின் குற்றமாகாது. அது செம்மையாகச் செய்யப்பட்டதா என்பதே நோக்கத்தக்கது. கொண்டையராஜு கூலிக்கு எழுதினார்; ஆனால், கூலிக்கு மாரடிக்கவில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளாது எளிய வாழ்க்கை நடத்தினார். மாணாக்கரே அவர் சுற்றம். சுப்பையா, இராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவர்பால் பயின்று பின்னர்த் தாமும் புகழ்பெற்ற ஓவியராயினர். பழைய குருகுல முறையில், ஆசிரியர் எழுதுவதைக் கண்டும், உடனிருந்து துணை செய்தும் அவர்கள் கற்றனர். ஆசிரியர் பெயரும் மாணாக்கர் சுப்பையாவின் பெயரும் ஒருங்கே பொறித்த படங்கள் பல உள்ளன. உதவியவர் உழைப்பைத் தம் பெயரில் மறைத்துக்கொள்வோர் உலகிற் பலர். தம் பெயரின் பக்கத்திலேயே மாணாக்கன் பெயருக்கும் இடம் தந்தது ஆசிரியரின் நேர்மையைக் காட்டும்.

கொண்டையராஜு 1976-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் மாணாக்கரும், மாணாக்கரின் மாணாக்கரும் அவர் நெறியைத் தொடர்ந்தனர். பிறநாட்டு அறிஞரும் அவர் ஓவியங்களைத் தேடித் திரட்டி ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியுள்ளனர். ஒரு காலத்தில் கடைக்காரர் விலையின்றி வழங்கிய படங்கள், இன்று கலைச் செல்வங்களாகப் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

கலை பயில விரும்பும் மாணவர் இவர் வாழ்விலிருந்து அறிந்துகொள்ளத் தக்கது ஒன்றுண்டு. நாடகக் குழு கலைந்தபோது, கற்ற கல்வி பயனற்றுப் போயிற்று என்று அவர் சோர்ந்துவிடவில்லை. எத்தொழில் எதிர்ப்பட்டதோ அத்தொழிலிலிருந்தே தம் கலைக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டார். கரிசல் மண் நீரை எளிதில் விடாது தன்னுள் காத்து, மழை நின்ற பின்னரும் பருத்திச் செடியை வளர்க்கும் இயல்புடையது. கொண்டையராஜுவும் கற்றவற்றையெல்லாம் உள்ளத்தே காத்து, காலம் வாய்த்தபோது பயன்கொண்டார். அப்பயனை எளியோர் இல்லங்கள் எய்தின.