உறைகருவின் முன்னோடி சுபாஷ் முகோபாத்யாய்
கருவை உறைய வைத்து, பின்னர் கருப்பையில் செலுத்தும் முறை இன்று குழந்தையின்மை சிகிச்சையில் பரவலாகிவிட்டது. 1931ல் ஹசாரிபாக்கில் பிறந்த கோல்கட்டா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், இதை 1978ம் ஆண்டிலேயே செய்து காட்டினார். கருமுட்டைகளைத் தூண்டத் தரப்படும் ஹார்மோன் கருப்பையைப் பாதிக்கும் எனக் கருதிய அவர், கருவை 53 நாட்கள் உறைநிலையில் காத்து, வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் செலுத்தினார். அக்டோபர் 3ம் தேதி பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து பத்து வாரங்களே ஆகியிருந்தன. மேற்கு வங்க அரசு அமைத்த குழுவோ இச்சாதனையை ஏற்க மறுத்தது. ஜப்பான் மாநாட்டுக்குச் செல்லவும் அனுமதி கிடைக்கவில்லை. தொடர்பே இல்லாத கண் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது குறிப்புகளை ஆராய்ந்து, 1997ல் அவருக்கே முதலிடம் என அறிவித்தவர் விஞ்ஞானி ஆனந்த் குமார். 1986ல் மும்பையில் நாட்டின் 'முதல்' சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கியவராக அதுவரை போற்றப்பட்டவரும் இவரே என்பது குறிப்பிடத்தக்கது.