முப்புரிக் கயிறு கண்ட இராமச்சந்திரன்

மலருக்குக் கட்டுரை வேணும்னு கேட்டதும் பாதிப்பேர் அப்துல் கலாமைப் பற்றித்தான் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் எழுதப்போவது ஜி.என்.இராமச்சந்திரனைப் பற்றி. அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது நான் செய்த ஒரு தப்பு.

போன வருஷக் கண்காட்சிக்கு எங்க குழு எடுத்த தலைப்பு தோல். குன்றத்தூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் போகிறவங்களுக்கு நாகல்கேணித் தோல் ஷெட்டுகளை நான் சொல்லித்தான் தெரியணுமா? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் ஒரு சிறு துண்டைப் பைமால் மென்பொருளில் வரைந்து, ஒவ்வொரு அணுவுக்கும் பெயர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுத்தெல்லாம் உருண்டைகளின் மேலேயே ஒட்டிக்கிட்டு நின்னுது, படிக்க முடியலை. சரின்னு எல்லா லேபிளையும் ஒரே அடியா 1.5 ஆங்ஸ்ட்ராம் வலப்பக்கம் தள்ளினேன். ஆங்ஸ்ட்ராம் என்றால் சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்! நைட்ரஜன் பெயர் பக்கத்துக் கார்பன் மேல் போய் உட்கார்ந்தது. அப்படியே ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு. ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி அதைப் பார்த்து நோட்டில் வரைஞ்சும் வெச்சுட்டான்.

கெமிஸ்ட்ரி சார் திட்டவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்காகவே வருஷக்கணக்கில் உழைத்த ஒருவர் கிண்டியில் இருந்தார், போய்ப் படி என்று மட்டும் சொன்னார். படித்தேன்.

கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இவர் சேர்ந்தது நம்ம மாதிரி எலெக்ட்ரிகல் பிரிவில்தான். சர் சி.வி.ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி. 1952-ல், முப்பது வயசில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர்! துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரிடம் இவர் பெயரைச் சிபாரிசு செய்தவரும் ராமனே.

கொலாஜன் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால் சென்னை வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து வாங்கி, எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து உருண்டையும் கம்பியுமாக மாடல் கட்டினார். கம்ப்யூட்டர் திரை ஏது அப்போ! மூன்று சங்கிலிகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன, மூன்றில் ஒரு இடம் மிகச் சிறிய கிளைசினுக்கு, ஏன்னா கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. 1954-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது, மறு வருஷமே திருத்திய வடிவமும் வந்தது.

அங்கேதான் அடி விழுந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவருடைய நண்பர் ரிச்சும், மூன்று சங்கிலி சரி, ஆனால் மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் கேட்டது வேறு கேள்வி: அளவு என்றால் எவ்வளவு? அதுவரை வெளியான படிகங்களில் அணுக்கள் எத்தனை தூரத்தில் நிற்கின்றன என்று திரட்டினார். பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0 வரை நெருங்கலாம். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எல்லை. சசிசேகரன், இராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை வைத்து, மோதல் இல்லாத இடம் எது என்று ஒரு வரைபடம் போட்டார். 1963-ல் வந்த அதுதான் இராமச்சந்திரன் வரைபடம். சதுரத்தின் பெரும்பகுதி, போகக்கூடாத இடம்! இன்றும் ஒரு புதிய புரத அமைப்பு வெளியானால் முதலில் அதில் போட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

இதிலும் ஒரு லேபிள் கதை உண்டு. அவர் கோணங்களுக்கு ஃபை, ஃபை டேஷ் என்று பெயரிட்டு 0 முதல் 360 வரை எண் போட்டிருந்தார். பிறகு உலகமே ஃபை, சை என்றும், மைனஸ் 180 முதல் பிளஸ் 180 வரை என்றும் மாற்றிக்கொண்டது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும். இடம் ஒன்றுதான், எழுத்துதான் நகர்ந்திருக்கிறது.

1970-ல் பெங்களூர் திரும்பினார். 1971-ல் லட்சுமிநாராயணனுடன் எழுதிய கணித முறை, ஸ்கேன் இயந்திரங்கள் படம் உருவாக்கப் பயன்படும் வழிகளில் ஒன்று. 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் மட்டும் வரவில்லை. என் கணக்கில் அது நோபலுக்குத்தான் நஷ்டம். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய், 1998-ல் மனைவி ராஜலட்சுமியின் மறைவு. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

லேபிள் போடுகிறவங்களுக்கு ஒன்று. பைமாலில் லேபிள் இடத்துக்கு மூன்று எண்கள்: பக்கவாட்டு, மேல்கீழ், மூன்றாவது திரையிலிருந்து நம்மை நோக்கி. மூன்றாவதைக் கூட்டினால் எழுத்து உருண்டைக்கு முன்னால் வந்துவிடும். மூலக்கூறைச் சுழற்றினாலும் லேபிள் திரையில் அதே பக்கம்தான் தள்ளி நிற்கும், அதனால் பார்வையை முதலில் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக நகர்த்துங்க. ஆட்டோகேடில் டைமென்ஷன் போடும்போது இடமில்லைன்னா வெளியே இழுத்துக் கோடு போடுவோமே, அதேதான்.

ஃப்ளெக்ஸில் ஸ்டிக்கர் ஒட்டித் திருத்திட்டேன். அந்தத் தம்பியின் நோட்டையும் வாங்கி நானே அழிச்சு எழுதிக் கொடுத்தேன்.