மறைந்திருந்து எழுதிய இளவரசி

நம் வேலம்பாளையத்தில் தைத்த பனியன் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனியின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இருக்காது. தன் பெயரை வெளியில் காட்டாமல் கவிதை எழுதிய இளவரசி ஒருவரும் நம் நாட்டில் இருந்தார், தெரியுமா?

அவர்தான் ஜெபுன்னிசா. மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் மூத்த மகள். 1638-ல் தௌலதாபாத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதினார். மகிழ்ந்துபோன தந்தை 30,000 பொற்காசுகளைப் பரிசளித்தார்.

அரபியும் பாரசீகமும் கற்றார். பாரசீகம் என்பது ஈரான் நாட்டு மொழி. அன்று டில்லி அரசவையிலும் அதுதான் வழங்கியது. நாம் சொல்லும் பஜார், பைஜாமா, தர்பார் எல்லாம் அம்மொழி தந்த சொற்களே!

ஔரங்கசீப்புக்குக் கவிதையில் நாட்டம் இல்லை. மகளோ பெரிய நூலகம் அமைத்தார். அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து நூல்கள் எழுதச் செய்தார். தாமும் 'மக்பி' என்ற புனைபெயரில் பாரசீகத்தில் கவிதை எழுதினார். மக்பி என்றால் 'மறைந்திருப்பவர்' என்று பொருள்.

1681-ல் அவர் வாழ்வில் இடி விழுந்தது. தம்பி அக்பர், தந்தையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். (இவர் பேரரசர் அக்பர் அல்ல, அதே பெயர் கொண்ட இளவரசர்.) தம்பிக்கு அக்கா எழுதிய கடிதங்கள் தந்தையிடம் சிக்கின. ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் உதவித்தொகை நின்றது. சொத்துகள் பறிபோயின. டில்லி சலீம்கர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 43. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறைவாசம். 1702-ல் அங்கேயே காலமானார்.

டில்லியில் இருந்த கல்லறையும் பிற்காலத்தில் ரயில் பாதைக்காக அகற்றப்பட்டது. ஆனால் மக்பியின் பெயரில் ஒரு கவிதைத் தொகுப்பு நிலைத்துவிட்டது. வேறு சிலரும் அதே புனைபெயரில் எழுதியதால், எல்லாம் இவர் பாடியவைதானா என்று அறிஞர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். பெயரை மறைத்ததன் விலை அது!

குழந்தைகளே, பெயர் தெரியாமல் உழைப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இன்று மாலை பனியன் கம்பெனியிலிருந்து வரும் அம்மாவிடமோ அக்காவிடமோ, என்ன தைத்தார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதும் கவிதைக்கு அடியில் உங்கள் பெயரை மறக்காமல் எழுதுங்கள்!